புதுக் குரலுக்குக் காது கொடுங்கள்

அமெரிக்க ராக் குழுவான மாலி ஹாட்செட்டின் ‘பீட்டின் தி ஆட்ஸ்’ (1980) ஆல்பத்தைப் போட்டதும், பழைய ரசிகர்கள் முதல் வரியிலேயே “இது அவர் குரல் இல்லையே” என்று சலித்துக்கொள்வார்கள். அந்தச் சலிப்பில் நியாயம் உண்டு. அடித்தொண்டையில் உறுமும் டேனி ஜோ பிரௌனின் குரல்தான் அந்தக் குழுவுக்கு அடையாளம். முந்தைய ஆண்டு வந்த ‘ஃபிளர்ட்டின் வித் டிஸாஸ்டர்’ பத்து லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. அந்தச் சூட்டோடு சூடாக, சர்க்கரை நோயால் அவதிப்பட்டுவந்த பிரௌன் விலக, ஜார்ஜியாக்காரரான ஜிம்மி ஃபாரர் மைக்கைப் பிடித்தார்.

முதல் தடவை கேட்கும்போது பாடகரைக் கண்டுகொள்ளாதீர்கள். கிட்டார்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்துக் குழு இது. அதே ஊரின் லினர்ட் ஸ்கினர்டைப் போல இவர்களிடமும் மூன்று கிட்டார்கள்: டேவ் லுபெக், ஸ்டீவ் ஹாலண்ட், டுவேன் ரோலண்ட். ஹெட்ஃபோன் போட்டு, தலைப்புப் பாடலில் ஏதாவது ஒரு கிட்டாரை மட்டும் கடைசிவரை விடாமல் தொடர்ந்து பாருங்கள். பாட்டைத் தாங்கிப் பிடிப்பது எது, பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் புகுந்து பதில் சொல்வது எது, இரண்டு கிட்டார்கள் ஒரே மெட்டைச் சுருதி மாற்றிச் சேர்ந்து வாசிப்பது எங்கே என்பது பிடிபடும். தயாரிப்பாளர் டாம் வெர்மன் முதல் இரண்டு ஆல்பங்களையும் செய்தவர். பேஸும் டிரம்ஸும் அதே கைகள். அட்டையில்கூட அதே ஃபிராங்க் ஃப்ரசெட்டாவின் போர்வீரன். ஆக, மாறியது தொண்டை மட்டும்தான். ஒரு குரல் குழுவை என்ன செய்கிறது என்று கவனிக்க இதைவிட வசதியான ஆல்பம் சுலபத்தில் கிடைக்காது.

இரண்டாம் தடவை பாடகரிடம் வாருங்கள். பிரௌன் சொற்களைக் கடித்துத் துப்புவார். பாதி பேச்சு, பாதி பாட்டு. கிட்டார்களுக்கு அடியில் இன்னொரு உறுமலாக அவர் குரல் ஓடும். ஃபாரர் சொல்லின் வாலைப் பிடித்து இழுப்பார், மேலே ஏறுவார். ப்ளூஸ் வாடை தூக்கலான குரல் அது. அதனால் பாட்டில் முரட்டுத்தனம் கொஞ்சம் குறைந்து, மெட்டு முன்னுக்கு வருகிறது. வேகம் குறைந்த ‘தி ராம்ப்ளர்’ பாடலில் இது நன்றாகத் தெரியும். பிரௌன் பாடியிருந்தால் அதில் இவ்வளவு ஏக்கம் வந்திருக்காது என்பது என் கட்சி.

இன்னும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறதா மனம்? ‘பென்ட்ஹவுஸ் பாப்பர்’ பாடலுக்குத் தாவுங்கள். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் 1969இல் வெளியிட்ட பாட்டு அது. அங்கே நம் காதில் நிற்பவர் அந்தக் குழுவின் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி. பிரௌனின் நிழல் விழாத அந்த இடத்தில் ஃபாரர் என்ன செய்கிறார் என்று நிம்மதியாகக் கேட்கலாம். (லூயிசியானாச் சதுப்பு நிலத்தைப் பற்றிப் பாடிப் பேர் வாங்கிய ஃபோகர்ட்டி ஒரு கலிஃபோர்னியாக்காரர். அசல் தென்மாநிலத்துப் பிள்ளைகள் அவரிடம் போய்ப் பாட்டுக் கடன் வாங்கியது தனி வேடிக்கை.)

குறையும் இருக்கிறது. முந்தைய ஆல்பத்தின் ‘பூகி நோ மோர்’ போலக் கிட்டார்கள் கடிவாளம் அறுத்து ஓடும் பாட்டு இதில் இல்லை. எல்லாம் வானொலிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதம். இரண்டாம் பக்கத்துப் பாடல்கள் சில கேட்டு முடித்ததுமே மறந்துவிடும்.

ஃபாரர் அடுத்து ‘டேக் நோ பிரிசனர்ஸ்’ (1981) ஆல்பத்தோடு கிளம்பிவிட, 1983இல் பிரௌன் திரும்பிய ஆல்பம் வந்தது. 1985இல் வெளியான ‘டபுள் டிரபிள் லைவ்’ மேடைப்பதிவில் ‘பீட்டின் தி ஆட்ஸ்’ பாடலைப் பிரௌனே பாடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பிரௌன் கையில் பாட்டுக்கு மிரட்டல் கூடியிருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு பாட்டுக்கு என் ஓட்டு ஃபாரருக்குத்தான்.