பென்னி ஃப்ரீட்மன்: பந்து மெலிவதற்கு முன்

பென்னி ஃப்ரீட்மனைப் பற்றி எழுதுகிற எல்லாரும் ஒரே கதையில்தான் ஆரம்பிக்கிறார்கள். நியூயார்க் ஜயண்ட்ஸ் குழுவின் முதலாளி டிம் மாரா, இந்த ஓர் ஆட்டக்காரரைப் பிடிப்பதற்காக 1928 பருவம் முடிந்ததும் டெட்ராய்ட் வுல்வரீன்ஸ் குழுவையே மொத்தமாக வாங்கிவிட்டார். சம்பளம் 10,000 டாலர். நல்ல கதைதான், உண்மையும்கூட. ஆனால் அது விலையைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. மாரா அப்படி எதைத்தான் வாங்கினார் என்று கேட்டால், ‘பந்தெறிதலின் முன்னோடி’ என்று ஒரு பட்டத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். பட்டம் கொடுத்துத் தப்பிக்கிற வித்தை நம் இலக்கிய விமர்சகர்களுக்கும் தெரியும், அது வேறு பஞ்சாயத்து.

நமக்குக் காற்பந்து என்றால் காலால் உதைப்பது. அமெரிக்கர்கள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், இல்லையென்றால் முன்னால் ஓடும் சக ஆட்டக்காரருக்கு எறியலாம். இன்றைக்கு எறிகிற அந்த குவார்ட்டர்பேக்தான் குழுவின் மூளை. 1920களில் அப்படியில்லை. ஓடிப் பார்த்து, முட்டிப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்றால்தான் எறிவார்கள்.

ஏன் என்பதற்குப் பதில் அன்றைய விதிப்புத்தகத்தில் இருக்கிறது. நான் படித்தது பொறியியல். ஓர் இயந்திரம் ஏன் இப்படி ஓடுகிறது என்று கேட்டால், முதலில் அதன்மேல் என்னென்ன கட்டுப்பாடு இருக்கிறது என்றுதான் தேடுவேன். எறிபவர் ஆட்டக் கோட்டிலிருந்து குறைந்தது ஐந்து கஜம் பின்னால் நிற்க வேண்டும். ஒரே சுற்றில் இரண்டாவது முறை எறிந்தது பிடிபடாமல் போனால் ஐந்து கஜம் தண்டனை. எதிரணியின் எல்லைக்குள் எறிந்து பிடிபடவில்லையா, பந்தே எதிரணிக்குப் போய்விடும். போதாததற்குப் பந்து வேறு குண்டாக இருக்கும், ஒரு கையால் இறுக்கிப் பிடிப்பதே கஷ்டம். கணக்குப் பார்த்தால் எறிவது முட்டாள்தனம். மற்ற குழுக்கள் பயந்துபோய் எறியாமல் இருக்கவில்லை, கணக்குப் போட்டுத்தான் எறியாமல் இருந்தார்கள்.

கிளீவ்லாந்தில் 1905-இல், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஃப்ரீட்மன். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காக ஆடும்போதே பெயர் வாங்கிவிட்டார். 1925-இல் அந்தக் குழு ஒரு பருவம் முழுக்க விட்டுக்கொடுத்தது வெறும் மூன்று புள்ளி. 1927-இல் தொழில்முறைக்கு வந்தவர் முதல் முயற்சியிலேயே எறிய ஆரம்பித்தார். என்னைக் கேட்டால் அவருடைய கண்டுபிடிப்பு இதுதான். கை பலமோ குறியோ அல்ல, நேரம். எப்போது எறிவான் என்று தெரியாவிட்டால் எதிரணி எல்லாரையும் முன்வரிசையில் குவித்து வைக்க முடியாது. சிலரைப் பின்னால் நிறுத்தியே ஆக வேண்டும். அப்போது ஓடுவதற்கும் இடம் கிடைக்கிறது. 1928-இல் எறிந்து பெற்ற டச்டவுனிலும் ஓடிப் பெற்ற டச்டவுனிலும் லீக்கில் முதலிடம் அவருக்குத்தான். இரண்டையும் ஒரே பருவத்தில் செய்தவர் வேறு யாரும் இல்லை. இதை ‘பன்முகத் திறமை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே திறமையாகத்தான் தெரிகிறது. எறிவான் என்ற பயம்தான் அவர் ஓடுவதற்கான பாதையைத் திறந்துவிட்டது.

அவருக்காக வாதாடுகிறவர்கள் இதை விட்டுவிட்டு 1929-இன் 20 டச்டவுனைப் பிடித்துக்கொள்கிறார்கள். 1942-இல் செசில் இஸ்பெல் 24 எறியும்வரை அதுதான் உச்சம். ஆனால் லீக் அதிகாரபூர்வமாகப் புள்ளிவிவரம் எடுக்க ஆரம்பித்ததே 1932-இல். அதற்கு முந்தைய எண்கள் பிற்பாடு பழைய செய்தித்தாள்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவை. நான் அந்த எண்ணைச் சந்தேகப்படவில்லை. எண்ணை மட்டும் நீட்டினால், பின்னால் வந்தவர்களின் எண்களுக்கு முன் அது சின்னதாகிக்கொண்டே போகும் என்பதுதான் என் கவலை.

1930 டிசம்பரில் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் நடந்த ஆட்டத்தை யாராவது விரிவாக எழுதியிருக்கலாம். பொருளாதார மந்தநிலை காலம். வேலையில்லாதவர்களுக்கான நிதிக்காக ஜயண்ட்ஸ், நோட்டர் டேம் பல்கலைக்கழக நட்சத்திரங்களோடு மோதியது. கல்லூரி ஆட்டம்தான் அசல், காசுக்கு ஆடுகிறவன் இரண்டாந்தரம் என்று ஊரே நம்பிய நேரம். ஜயண்ட்ஸ் 22-0 என்று ஜெயித்தது. ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. தொழில்முறை ஆட்டத்துக்கு அன்று கிடைத்த மரியாதையில் ஃப்ரீட்மனின் பங்கு பெரிது. பெரும்பாலான கட்டுரைகளில் இதற்கு இரண்டு வரிதான்.

1933-இல் கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்தும் எறியலாம் என்று விதி மாறியது. 1934-இல் பந்தை மெலிதாக்கினார்கள், பிடிபடாத எறிதலுக்கான தண்டனையும் போனது. அதே ஆண்டு புருக்ளின் டாட்ஜர்ஸ் குழுவோடு ஃப்ரீட்மனின் ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

கான்டன் நகரில் 1963-இல் தொழில்முறை ஆட்டத்துக்கான புகழ் மண்டபம் திறந்தபோது முதல் பட்டியலிலேயே சாமி பா இருந்தார். 1965-இல் சிட் லக்மன். இரண்டு பேரும் மெலிந்த பந்தோடு வந்தவர்கள். ஃப்ரீட்மன் இல்லை. யூதர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று சிலர் சொல்வார்கள். லக்மனும் யூதர்தான், அதனால் அந்த விளக்கம் முழுசாக ஒட்டவில்லை. தலைக்கனம் பிடித்தவர், தன்னைப் பற்றித் தானே பேசிக்கொண்டவர், அதனால் தேர்வாளர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது இன்னொரு தரப்பு. உண்மைதான், தனக்கு இடம் வேண்டும் என்று அவரே வெளிப்படையாகக் கேட்டார். அவரைப் பிடித்தவர்கள்கூட இந்த இடத்தில் கொஞ்சம் நெளிகிறார்கள். மாலையைக் கேட்டு வாங்கக்கூடாது என்ற எண்ணம் நமக்குள்ளும் ஊறிப்போனதுதானே. எனக்கு அதில் உடன்பாடில்லை. லீக் கணக்கே எழுதி வைக்காத காலத்தில் ஆடியவர். அவர் வாயைத் திறக்காவிட்டால் வேறு யார் சொல்வது? பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அடக்கம் என்பது பதிவு செய்யப்பட்டவர்களுக்குக் கட்டுப்படியாகிற குணம்.

கடைசிக் காலத்தில் நோய் வந்து ஒரு காலை எடுத்துவிட்டார்கள். 1982 நவம்பரில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். புகழ் மண்டபம் அவரைச் சேர்த்தது 2005-இல், உயிரோடு இருந்திருந்தால் நூறு வயதாகியிருக்கும். அந்த ஆண்டு அவரோடு சேர்க்கப்பட்டவர்களில் டான் மரீனோ ஒருவர். 1984-இல், மெலிந்த பந்தை வைத்துக்கொண்டு, ஒரே பருவத்தில் 48 டச்டவுன் எறிந்தவர்.