ரெண்டு: ஒரு பேச்சுச் சொல்லும் நமது எழுத்தும்

நமது சிறுகதைகள் பலவற்றில் ஒரு விநோதம் உண்டு. வாப்பாவும் உம்மாவும் வீட்டுப் பேச்சே பேசுவார்கள். 'ஈக்கி', 'வாறன்' எல்லாம் தாராளமாக வரும். ஆனால் எண் வந்த இடத்தில் மட்டும் பாத்திரம் எழுந்து நின்று 'இரண்டு' என்று ஒப்புவிக்கும். கொட்டாஞ்சேனையில் கடன் கேட்டு வந்தவர் "இரண்டு வார்த்தைகள் பேச வேண்டும்" என்பாரா? "ரெண்டு வார்த்த பேசோணும் நானா" என்றுதான் வாசலில் தயங்கி நிற்பார். இந்தச் சிறு திருத்தத்தால் இழப்பது என்ன என்று பார்ப்பது வீண்வேலை அல்ல.

முதலில் 'கொச்சை' என்ற பழியை விலக்கிவிடுவோம். நன்னூலார் இயல்பு வழக்கை இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என மூன்றாக வகுத்தார். மருவிய சொல் வழுவல்ல. வழக்கின் ஒரு கூறு. ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற விதியை மதித்தே நமது பழம்புலவர்கள் ரசூலை 'இறசூல்' ஆக்கினார்கள். மக்களின் நாக்கோ எதிர்த்திசையில் போய், இரண்டிலிருந்த இகரத்தை உதறிவிட்டது. இரண்டும் தமிழ் செய்த வேலைகள்தாம். 1960களில் இந்நாட்டில் 'இழிசனர் வழக்கு' என்று சொல்லிப் பேச்சுத்தமிழைப் பண்டிதர்கள் எதிர்த்தபோது, முற்போக்கு எழுத்தாளர்கள் அதற்காக வாதாடினார்கள். வாதம் வென்றது. ஆனால் எண்கள் இன்னும் பண்டிதர் வீட்டிலேயே குடியிருக்கின்றன.

சரி, 'ரெண்டு' என்றால் எத்தனை? "ரெண்டு சோறு தின்னுட்டுப் போங்களே" என்று உம்மா சொல்லும்போது எவரும் பருக்கையை எண்ணுவதில்லை. அங்கே அது 'கொஞ்சம்'. விருந்தாளியின் கூச்சத்தைப் போக்கும் சொல். "ரெண்டு நாள்ல தாறன்" என்பது கடன்காரரின் தவணை. மூன்றாம் நாள் போய் நிற்பவர் ஊர்வழக்கம் தெரியாதவர். "ரெண்டு குடுத்தாத்தான் அடங்குவான்" என்பதில் அது அடி. "ரெண்டு பேச்சில்ல" என்று வியாபாரி சொன்னால் விலை முடிந்தது. "ரெண்டுல ஒண்டு சொல்லுங்க" என்னும்போது மட்டும் எண் எண்ணாகவே நின்று ஆளை நெருக்குகிறது. இவற்றை 'இரண்டு' என்று எழுதிப் பாருங்கள். "இரண்டு கொடுத்தால்தான் அடங்குவான்" என்பது கோபமாக ஒலிக்காது. தீர்ப்பு வாசிப்பதுபோல் இருக்கும்.

வகுப்பில் கை உயர்த்தி "டீச்சர், ரெண்டுக்கு" என்று கேட்கும் பிள்ளை நன்னூலைப் படித்ததில்லை. ஆனாலும் இடக்கரடக்கலுக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. குழூஉக்குறிக்கும் குறைவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டு வணிகர்கள் அந்நியர் முன்னிலையில் விலை பேசும்போது ஒன்றை 'மதி' என்றும் இரண்டை 'வினை' என்றும் சொல்லிக்கொண்டார்கள். நிலவு ஒன்று; வினை நல்லதும் தீயதுமாக இரண்டு.

நமது வழக்கில் இன்னொரு நுட்பம் சேர்கிறது. அரபு மொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை என ஒன்று உண்டு. அங்கே இரண்டென்றால் இரண்டேதான். தமிழில் அதற்கு விகுதி இல்லை. "ரெண்டு ரக்அத் தொழுதுட்டு வாறன்" என்பவர் சரியாக இரண்டே தொழுவார். திரும்பி வந்து "ரெண்டு நிமிசம் ஈங்க" என்றால் கால் மணித்தியாலம் காத்திருக்க வேண்டியதுதான். ஒரே வாய், ஒரே சொல். ஆனால் கேட்பவருக்கு மயக்கமே இல்லை. 'ரெண்டு பெருநாள்' என்பதும் அப்படித்தான். ஒரு நேரம் அது நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும். இன்னொரு நேரம், பிறைத் தகராறில் ஓர் ஊர் இரு நாட்களில் தக்பீர் சொன்ன வருத்தம். மஃரிபுக்குச் சற்று முன் பிள்ளைகளை உள்ளே அழைக்கும் உம்மாமாருக்கு அது 'ரெண்டுங்கெட்ட நேரம்'.

கொட்டாஞ்சேனையில் இச்சொல் தனியாக வாழவில்லை. ஜம்பட்டா வீதியிலும் புதுச்செட்டித் தெருவிலும் தமிழரும் சிங்களவரும் மலாயரும் நாமும் ஒருவரையொருவர் கேட்டே வளர்ந்தோம். சிங்களவர் 'தெக்கம எக்காய்' என்பதும் நாம் 'ரெண்டும் ஒண்டுதான்' என்பதும் ஒரே சலிப்பு. மலாய் வீட்டில் 'துவா' என்றால் எண் இரண்டு. அடுத்த வீட்டில் 'துஆ' என்றால் இறைவனிடம் கையேந்துவது. இந்த அயலுறவு நமது கதைகளில் எங்கே கேட்கிறது?

பேச்சு வழக்கைப் போற்றுவதற்காக அதன் எல்லா வேலைகளையும் போற்ற வேண்டியதில்லை. 'அவர் ரெண்டு கட்டினவர்' என்று ஆண்கள் கடைவாசலில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதில் ஒரு பெண் 'மூத்தவ', மற்றவள் 'ரெண்டாவது', இருவருக்கும் பெயரில்லை. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், மனைவி இருக்க மறுமணம் செய்ய விரும்பும் கணவன் முப்பது நாட்களுக்கு முன்னரே காதியாருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்றது. முதல் மனைவியின் சம்மதத்தை அது கேட்கவில்லை. சட்டம் கேளாமல் விட்டவளைப் பேச்சு எண்ணாக்கிவிடுகிறது. நமது எழுத்தாளர்களும் அந்தச் சிரிப்பை அப்படியே நகைச்சுவையாக எழுதிவிட்டுப் போகிறார்கள். சொல்லை உள்ளபடி எழுதட்டும். ஆனால் அதைக் காதில் வாங்கிய பெண்ணின் முகத்தையும் எழுதட்டும். 'இரண்டாம் தாரம்' என்ற ஏட்டுச் சொல்லால் அந்தக் குத்தல் வெளிவராது. 'ரெண்டாவது' என்று எழுதினால்தான் வாசகருக்கு உறைக்கும். பேச்சு மொழி நமக்கு வேண்டியிருப்பது அழகுக்காக மட்டுமல்ல.

ஆகவே, கதை எழுதும் தம்பி தங்கையருக்கும் அதைத் திருத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கதைசொல்லியின் நடையில் 'இரண்டு' இருக்கட்டும். அது அவர் உரிமை. பாத்திரத்தின் வாயில் வரும் 'ரெண்டு' மீது சிவப்பு மை வேண்டாம். பேருவளை, புத்தளம், காத்தான்குடி, அக்கரைப்பற்று வாசகர்கள் தம் ஊரில் இச்சொல் எப்படியெல்லாம் புழங்குகிறது என்று எழுதியனுப்பினால் ஒரு வழக்குச் சொற்பட்டியலைத் தொடங்கலாம். முதல் பதிவுக்கு 'ரெண்டு' போதும். வயசாளிகள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய வேலை இது.