கடன்: உருவகமும் வட்டியும்

வேதத்தை அன்றாட வாழ்க்கையில் கடைப்பிடிக்க வேண்டும் என்று சொல்லாத பிரசங்கி கிடையாது. வசனத்தை வாசித்து, மூன்று குறிப்பாகப் பிரித்து, கடைசியில் ‘இது நமக்குச் சொல்லும் பாடம் என்ன?’ என்று கேட்பது தமிழ்ப் புரோட்டஸ்டண்ட் பிரசங்கத்தின் வழக்கமான வடிவம். இந்தக் கட்டுரை அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றியது. விசுவாசம் சரியா தப்பா என்பது இங்கே என் கவலை இல்லை. ஒரு பிரதியை வாழ்க்கையோடு பொருத்தும்போது எந்தச் சொல் உருவகமாகிறது, எந்தச் சொல் நேர்பொருளிலேயே நிற்கிறது, இதை முடிவு செய்கிறவர் யார் என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: கடன்.

திருநெல்வேலிப் பக்கம் என் அத்தை வீட்டில் நடந்த ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அத்தை பீடி சுற்றுகிறவர். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு வீட்டுப் பத்திரம் ஈடாகப் போயிருந்தது. கடன் கொடுத்தவர் அதே சபையைச் சேர்ந்தவர், அன்றைக்கு முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தார். நெகேமியாவின் புத்தகத்தை வாரம் ஒரு அதிகாரமாக வாசித்து வந்தார்கள். அன்று ஐந்தாம் அதிகாரம். ஜனங்களும் அவர்கள் மனைவிமாரும் கூக்குரலிடுகிறார்கள். பஞ்சத்தில் தானியத்துக்காக நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தாயிற்று, ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கியாயிற்று, பிள்ளைகளை அடிமைகளாக அனுப்பியாயிற்று. நெகேமியா பெரியமனிதர்களைக் கூட்டி, நிலத்தையும் வீட்டையும் திருப்பிக் கொடுங்கள், வட்டியையும் விடுங்கள் என்கிறான். தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்திருப்பதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் இதைக் கேட்கிறான்.

வாசித்து முடிந்ததும் அத்தை உபதேசியாரைப் பார்த்துக் கேட்டார்: “அப்போ பத்திரத்தத் திருப்பிக் குடுக்கச் சொல்லியிருக்காருல்லா ஐயா?”

உபதேசியார் தயங்கவே இல்லை. “அது அந்தக் காலத்து யூத ஜனங்களுக்குச் சொன்னதும்மா. நமக்கு இதுல ஆவிக்குரிய பாடம் என்னன்னா, பிசாசு நம்மகிட்டருந்து பறிச்சுக்கிட்ட சமாதானத்த, சந்தோஷத்த நாம திருப்பி வாங்கணும்.”

முன்வரிசைப் பாயில் இருந்தவர் ‘ஆமென்’ என்றார்.

கூட்டம் முடியும்போது தசமபாகம் பற்றி ஒரு நினைவூட்டல் நடந்தது. மல்கியா மூன்றாம் அதிகாரம். அங்கே ‘ஆவிக்குரிய பாடம்’ எதுவும் தேவைப்படவில்லை. பத்தில் ஒன்று என்றால் பத்தில் ஒன்றுதான். இத்தனைக்கும் மல்கியாவும் நெகேமியாவும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதே ஜனம், அதே எருசலேம். ஒன்று ‘அந்தக் காலம்’ ஆகிறது, இன்னொன்று இந்த மாதச் சம்பளம் ஆகிறது. பணம் மேலே போக வேண்டிய இடத்தில் நேர்பொருள், கீழே வர வேண்டிய இடத்தில் உருவகம். அன்றாட வாழ்க்கைக்கான விளக்கம் என்று நாம் கேட்டு வளர்ந்ததன் இலக்கணம் பெரும்பாலும் இதுதான்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபம் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் அங்கே ‘கடன்’, ‘கடனாளி’ என்ற சொற்களே நிற்கின்றன. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அவை ‘குற்றம்’, ‘குற்றம் செய்தோர்’ ஆகிவிட்டன. எது சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை. கிரேக்க மூலத்தில் மத்தேயு சொல்வது கடனைத்தான். லூக்கா முதல் பாதியில் பாவம் என்று சொல்லிவிட்டு, மறுபாதியில் நமக்குக் கடன்பட்டவர்கள் என்று வருகிறார். இயேசு பேசிய அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் வழங்கியது. குற்றத்தையும் கடனையும் ஒரே வேரில் வைத்திருக்கும் ஜெர்மன் சொல்லைக் கொண்டு நீட்ஷே 1887-ல் அறநெறியின் வம்சாவளியைத் தோண்டியதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தமிழில் இது இன்னொரு விதமாகக் கிளை பிரிகிறது. சங்கப் பாடல்களிலிருந்தே நமக்குக் கடன் என்றால் கடமை. காலைக்கடன், நீத்தார் கடன் எல்லாம் அந்த வழியில் வந்தவை. கொடுக்கவேண்டியதும் செய்யவேண்டியதும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால், வாங்கியதைத் திருப்பிக் கட்ட முடியாதவர் தமிழில் வெறும் ஏழையாக இருந்துவிட முடியாது. கடமை தவறியவராகவும் ஆகிவிடுகிறார். ‘கடன்காரி’ என்பது எங்கள் ஊரில் வசவுச்சொல். கடன் கொடுத்தவரைத் திட்ட இப்படி ஒரு சொல் இல்லை.

பவர் மொழிபெயர்ப்பு இந்தச் சொல்லை மூலத்தின் பொருளோடு விட்டுவைத்தது ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பைப் பிரசங்கம் மூடிவிடுகிறது. ‘கடன்’ என்று வாயால் சொல்லி, ‘பாவம்’ என்று மனதில் எழுதிக்கொள்ளப் பழக்கப்பட்டிருக்கிறோம். மத்தேயு பதினெட்டில் வரும் கதையையும் மனஸ்தாபத்தை மறப்பது பற்றிய கதையாகவே கேட்டிருக்கிறோம். அதற்குள் இருக்கும் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. ஒரு தாலந்து ஆறாயிரம் வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி என்பது அதே மத்தேயுவின் இருபதாம் அதிகாரத்தில் இருக்கிறது. பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. வருஷத்துக்கு முந்நூறு நாள் வேலை கிடைத்தாலும் இரண்டு லட்சம் வருஷம் உழைக்க வேண்டும். அவ்வளவையும் தள்ளுபடி பெற்றவன் வெளியே வந்து, நூறு நாள் கூலிக்காக இன்னொருவனைக் கழுத்தைப் பிடித்துச் சிறையில் போடுகிறான். இந்தக் கணக்கைக் கேட்கிற கூலிக்காரிக்கு விளக்கவுரை தேவையில்லை. பேரேடு வைத்திருக்கிறவருக்குத்தான் உருவகம் தேவைப்படுகிறது.

அப்படியானால் நிஜக் கடனைப் பற்றிச் சபை பேசுவதே இல்லையா? பேசுகிறது. வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை அத்தை வீட்டுச் சுவரில் இருந்தது. உபாகமம் இருபத்தெட்டு: நீ பலருக்குக் கடன் கொடுப்பாய், கடன் வாங்கமாட்டாய் என்கிற பொருளில் வரும் வசனம். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் அடிக்கடி காணக்கூடியது. இங்கே கடன் சுத்தமான நேர்பொருள். ஆனால் வாக்களிக்கப்படுவது விடுதலை இல்லை, இடமாற்றம். கடன்பட்டவள் ஒருநாள் கடன் கொடுப்பவளாக ஆவாள். வட்டி என்கிற ஏற்பாடு அப்படியே இருக்கும், நாற்காலி மட்டும் மாறும்.

அல்தூசர் 1970-ல் எழுதிய கட்டுரையில், கருத்தியல் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தன்னிலைகளாக்குகிறது என்றார். அதற்கு அவர் விரித்துக் காட்டிய உதாரணமே கிறிஸ்தவ மதக் கருத்தியல்தான். தமிழ் படித்தவனுக்கு இதை எட்டாம் வேற்றுமையின் அரசியல் என்று சொல்லலாம். விளிவேற்றுமை. அட்டையில் இருக்கும் ‘நீ’ அத்தையைத் தனியாக விளிக்கிறது. மூலத்திலும் ஒருமைதான், ஆனால் அந்த ஒருமை ஒரு முழு ஜனத்தை நோக்கியது. ஜனத்துக்குச் சொன்ன ‘நீ’யை நறுக்கி அட்டையில் ஒட்டும்போது, கடன் தனிமனுஷியின் பிரச்சனையாகவும் அவள் விசுவாசத்தின் அளவுகோலாகவும் ஆகிவிடுகிறது. கடன் தீரவில்லையென்றால் ஜெபம் பத்தவில்லை.

நறுக்கியதில் விழுந்துபோனது இன்னும் பெரியது. இதே வாக்குறுதி உபாகமம் பதினைந்தாம் அதிகாரத்தில் ஆறாம் வசனமாகவும் வருகிறது. அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது? ஏழாம் வருஷம்தோறும் கடனை விட்டுவிட வேண்டும் என்று. அதாவது, முதலில் உங்களுக்குள் கடனைத் தள்ளுங்கள், பிறகுதான் ஜாதிகளுக்குக் கடன் கொடுக்கிற நிலை. ஏழாம் வருஷம் நெருங்குகிறதே என்று ஏழைக்குக் கடன் தர மறுக்காதே என்றும் அங்கேயே எச்சரிக்கை இருக்கிறது. ‘ஏழைகள் எப்போதும் இருப்பார்கள்’ என்று கையை விரிக்க எல்லாரும் எடுத்தாளும் இயேசுவின் வார்த்தைக்கும் இந்த அதிகாரம்தான் மூலம். ஆகையால் கையைத் திற என்பது அதே வசனத்தின் மறுபாதி. நமக்குச் சொல்லப்படுவது முன்பாதி மட்டும்.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராத பழைய கனவு என்று சொல்வார்கள். யூத மரபு இதை எப்படிக் கையாண்டது என்று பார்க்கவேண்டும். ஏழாம் வருஷம் வருகிறதென்று பணக்காரர்கள் கடன் தர மறுத்தபோது, ஹில்லேல் என்ற ஆசிரியர் ‘ப்ரோஸ்பூல்’ என்ற பத்திரத்தை ஏற்படுத்தினார் என்று மிஷ்னா சொல்கிறது. கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டால் ஏழாம் வருஷத்துக்குப் பிறகும் வசூலிக்கலாம். அது சட்டத்தில் ஒரு சந்துதான். ஆனால் அவர்கள் சட்டத்தை நேர்பொருளில் எடுத்துக்கொண்டதால்தான் சந்து தேட வேண்டியிருந்தது. நம் பிரசங்கிகளுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. ‘ஆவிக்குரிய’ என்ற ஒரு பெயரடை போதும்.

கடன் தள்ளுபடி என்பது வானத்திலிருந்து விழும் விஷயமும் அல்ல. 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கட்டவேண்டியதில்லை என்றே அறிவித்தது. தமிழ்நாட்டில் 2003-ல் கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இருக்கும்போதே, 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. சட்டமும் வேதமும் எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது, அவற்றை யார் பக்கமிருந்து வாசிக்கிறோம் என்பதே விஷயம்.

இங்கே நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஜெபக்கூட்டம் என்றதும் ‘அபின்’ என்று ஒதுக்கிவிட்டு நகர்கிறோம். ஊரில் ஒரு பெண் தனக்குக் கடன் இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் வெட்கப்படாமல் சொல்லக்கூடிய இடம் வேறு எது? ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் அது அங்கே பொதுப்பேச்சாகிறது. மார்க்ஸைப் படிக்காமலே அத்தை சரியான இடத்தில் சரியான கேள்வியைக் கேட்டார். முதுகலைத் தமிழும் கோட்பாடும் படித்த நான் அந்தப் பாயில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். உறவுக்குள் எதற்குச் சங்கடம் என்று நினைத்தேன். அதுவும் ஒரு விளக்கவுரைதான், உபதேசியாருடையதைவிட மேலானதல்ல.

மாற்று வாசிப்புக்கு நாம் வெளியே போய்த் தேடவும் வேண்டாம். பவர் மொழிபெயர்ப்பில் எபிரேயர் நிருபம், தேவவசனத்தை ஒப்பிடும் வாளின் கூருக்குக் ‘கருக்கு’ என்ற சொல்லைப் போடுகிறது. 1992-ல் வந்த பாமாவின் ‘கருக்கு’ அந்தச் சொல்லை எடுத்து, விறகு பொறுக்கப்போன சிறுமியின் கையைக் கிழித்த பனைமட்டைக்குத் திருப்பிக் கொடுத்தது. வேதம் உருவகமாக வைத்திருந்ததை ஒரு தலித் பெண் தன் தோலுக்குக் கொண்டுவந்தார். வசனத்தை அன்றாட வாழ்க்கைக்குப் பொருத்துவது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான். கருக்குக்கு நடந்தது கடனுக்கும் நடக்கவேண்டும்.

நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தின் முடிவைப் பலர் கவனிப்பதில்லை. ஆசாரியர்களை அழைத்து, பெரியமனிதர்களிடம் சத்தியம் வாங்கி, நெகேமியா தன் வஸ்திரத்தை உதறுகிறான். திருப்பிக் கொடுக்காதவன் இப்படி உதறப்படட்டும் என்கிறான். சபையார் எல்லாரும் ‘ஆமென்’ என்கிறார்கள். பத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதற்குச் சொன்ன ஆமென் அது. அன்றைக்கு முன்வரிசைப் பாயிலிருந்து வந்ததும் அதே சொல்தான். பத்திரம் மட்டும் இன்னும் வரவில்லை.