எங்கட கிதாபுக்கு எந்த இலக்கம்?

மட்டக்களப்பு வாவிக் கரையோர ஊர்களின் பொது நூலகங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கட்டடம், கதிரை, கணினி என்றே குறைகளை அடுக்குகிறோம். அலுமாரிக்குள் புத்தகம் எந்த ஒழுங்கில் நிற்கிறது என்று எவரும் கேட்பதில்லை. என் பார்வையில் முதற் குறை அங்கேதான் இருக்கிறது.

எங்கள் நூலகங்களில் புழங்குவது 1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசாம்சப் பகுப்பு முறை. சமயத்துக்குரிய 200களில் 220 தொடக்கம் 289 வரை கிறிஸ்தவத்துக்கு. உலகின் ஏனைய சமயங்கள் அத்தனையும் 290களுக்குள் நெருக்குப்படுகின்றன. இஸ்லாத்துக்கு 297.

ஏறாவூர்ப் பிள்ளையொன்று தன் ஊரை இந்த அலுமாரிகளில் தேடட்டும். குடிமுறையும் தாய்வழி வழக்கமும் 306இல் இருக்கும். மூத்தம்மாமார் பாடிய கவி 398இல், வாவி மீன்பிடி 639இல், மாலையும் முனாஜாத்தும் கிஸ்ஸாவும் 894.811இல் தமிழ்க் கவிதையோடு. ஒரே ஊர், நாலு மூலை. ‘ஒண்டும் கிடைக்கல்ல’ எண்டுதான் பிள்ளை திரும்பி வரும்.

அரபுத் தமிழ்க் கிதாபின் பாடு இன்னும் மோசம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் (1816–1898) ‘மகானீ’யை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து அரபு, மொழி தமிழ், பொருள் மார்க்கச் சட்டம். அரபு நூல்களோடு வைத்தால் தமிழ் வாசகர் அந்தப் பக்கம் போகமாட்டார். தமிழ் நூல்களோடு வைத்தால் எடுத்தவர் திகைத்துத் திருப்பி வைப்பார்.

பழியை டூயியின் தலையில் மட்டும் போடவும் முடியாது. ஊர்ச் சமயத்துக்கு முன்னிடம் கொடுக்கவும், ஊர் மொழியின் இலக்கியத்தை 810இல் வைக்கவும் அந்த முறையே மாற்று வழி தருகிறது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்போ, ஒரு நூலின் பல முகங்களை முக்காற்புள்ளியால் இணைத்து ஒரே குறியீட்டுக்குள் கொண்டுவந்தது. வழி இருந்தும் நாங்கள் நடக்கவில்லை.

‘இலக்கத்த மாத்தினா மத்த நூலகங்களோட ஒத்துவராதே’ என்பார்கள். நியாயம்தான். இலக்கம் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு ஊர்ச் சுட்டியை வையுங்கள். குடி, கவி, கிஸ்ஸா, முனாஜாத்து, தோணி, வலை என்று எங்கட சனம் சொல்லும் சொல்லே அதில் தலைப்பாகட்டும். எந்தெந்த அலுமாரியில் என்ன இருக்கிறது என்று அதன் கீழ் எழுதுங்கள். அரபுத் தமிழ் நூலுக்குத் தலைப்பை இரண்டு எழுத்திலும் போடுங்கள். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு கொப்பியும், ஊரறிந்த ஒரு நூலகரும் போதும்.

ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல் பயன்படுவதற்கே என்பது. ஊர்ச் சுட்டிக்கும் அதற்கு மேலான நியாயம் தேவையில்லை.

உம்மாமாரின் பெட்டிகளில் கிதாபுகள் இன்னும் கிடக்கின்றன. உப்புக்காற்றும் கறையானும் காத்திருப்பதில்லை. வாசிக்க ஆளில்லாதபோது, மரியாதையாக மண்ணில் புதைத்துவிடுவோம் என்று பிள்ளைகள் முடிவெடுக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? எங்கே வைப்பதென்றே தெரியாத நூலகத்துக்கு அதை யார் கொண்டுபோய்க் கொடுப்பார்?