ஐந்து ஏக்கர் மனையும் அடுத்தவர் தண்ணீரும்

டெட் கனோவரின் புத்தகத் தலைப்பே 'சீப் லேண்ட் கொலராடோ' (2022). மலிவு நிலம். சரி, அது எதனால் மலிவு? இந்தக் கேள்வியை வாசலில் விட்டுவிட்டு இந்தப் பிரதிக்குள் நுழைய முடியாது. பட்டா கையில் இருந்தால் மட்டும் நிலம் நமதாகிவிடுமா என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தோடுதான் இதை வாசித்தேன்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தின் தென்பகுதியில் இருக்கிறது சான் லூயிஸ் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்று பேர்தான், தரையே 7,500 அடி உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் பனிமலைகள், நடுவில் புதர்க்காடு. அலமோசா என்ற ஊரில் ஆண்டு மழை சராசரியாக 7 அங்குலம். குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். இங்கே ஐந்து ஏக்கர் மனை ஐயாயிரம் டாலருக்கும் குறைவாகக் கிடைக்கிறது. மின்கம்பி வராது, குடிநீர்க் குழாய் வராது. மனைக்குப் போக ஒழுங்கான பாதைகூட இருக்காது. 'ஆஃப் கிரிட்' என்று இதற்கு ஒரு கவர்ச்சியான பெயர் வைத்திருக்கிறார்கள். வாடகை கட்டமுடியாமல் நகரத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள், போருக்குப் போய் உடைந்து திரும்பியவர்கள், சிறைக்குப் போய் வந்தவர்கள், சர்க்கார் வாசனையே வேண்டாம் என்கிறவர்கள் என்று பலரும் ஒரு பழைய டிரெய்லர் வண்டியை இழுத்துக்கொண்டுவந்து அங்கே குடியேறுகிறார்கள்.

கனோவர் 2017 முதல் அங்கே போகவர இருந்தவர். வெறும் பார்வையாளராகப் போகவில்லை. வீடற்றவர்களுக்காக இயங்கும் லா புவெந்தே என்ற அமைப்பின் தொண்டராகப் போனார். வண்டியில் விறகு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு டிரெய்லராகப் போய், "விறகு வேணுமா?" என்று கேட்பதுதான் அறிமுகம். பிறகு ஒரு குடும்பத்தின் மனையில் தன் டிரெய்லரை நிறுத்திக்கொண்டு வாழ்ந்தார், கடைசியில் தானும் மனை வாங்கினார். 1984-இல் சரக்கு ரயிலில் திரியும் நாடோடிகளோடு சுற்றி எழுதியவர், 2000-இல் சிங் சிங் சிறையில் காவலராக வேலைபார்த்த அனுபவத்தை எழுதியவர், இந்த முறையில் கைதேர்ந்தவர். ஏழை வெள்ளையரை எழுதும்போது அமெரிக்க எழுத்தில் வழக்கமாக வரும் நக்கல் இவரிடம் இல்லை. போதையையும் துப்பாக்கியையும் மறைக்கவும் இல்லை, அவற்றைக் காட்டி மனிதர்களைச் சிறுமைப்படுத்தவும் இல்லை. இதை மனமாரச் சொல்லவேண்டும்.

ஆனா ஒண்ணு. நியூயார்க்கில் பல்கலைக்கழக ஆசிரியர் வேலை உள்ளவருக்கு அந்தக் குளிர் ஒரு பருவம். பக்கத்து டிரெய்லர்க்காரருக்கு அதுதான் வாழ்க்கை. அவர்கள் யாரும் எழுதவில்லை, இவர்தான் எழுதுகிறார். வாக்குமூலத்துக்கும் வருகைக் குறிப்புக்கும் உள்ள தூரம் நம் பத்திரிகைகளின் வாசகர்களுக்குத் தெரியாததல்ல.

இந்தப் புத்தகத்துக்கு முன்னோடியாக 2019-இல் ஹார்ப்பர்ஸ் இதழில் வந்த கட்டுரையின் தலைப்பு 'கடைசி எல்லைப்புறம்'. எல்லைப்புறம் என்ற இந்தச் சொல்தான் சிக்கல். யாருடைய எல்லை? பள்ளத்தாக்கின் கிழக்கே நிற்கும் பிளாங்கா சிகரம் நவாஹோ மக்களுக்குக் கிழக்குத் திசையின் புனித மலை. பள்ளத்தாக்கில் யூட் மக்கள் வேட்டையாடித் திரிந்தார்கள். 1868 ஒப்பந்தம் அவர்களை மேற்கே தள்ளியது. அதற்கு முன்பே மெக்சிக்கோ அரசின் ஆளுநர் 1844 வாக்கில் சுமார் பத்து லட்சம் ஏக்கரை ஒரே கையெழுத்தில் இரண்டு பேருக்குத் தானம் கொடுத்துவிட்டார். 1848-இல் நாடே கைமாறியது. பிறகு அந்தத் தானபூமி துண்டுதுண்டாகப் பணக்காரர் கைகளில் உருண்டது. 1969-இல் பத்திரிகை அதிபர் மால்கம் ஃபோர்ப்ஸ் அங்கே பெரும் பண்ணையை வாங்கி, அதில் ஒரு பகுதியை மனைகளாக வெட்டி விற்றார். எழுபதுகளில் இப்படி வெட்டிய சதுரங்களைத் தபாலிலேயே வாங்கியவர்கள் உண்டு, பலர் வாங்கிய மண்ணைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இப்போது இணையத்தில் விற்கிறார்கள். ஆக, மக்கள் தேடிக் கண்டுபிடித்த கடைசி நிலமில்லை இது. விற்பதற்கென்றே தயாரித்த சரக்கு. கனோவர் இந்த வரலாற்றைச் சொல்லாமல் இல்லை. ஆனால் அது பின்னணித் திரையாகத் தொங்குகிறது, முன்னால் தனிமனிதர்களின் துணிச்சல் நடக்கிறது.

சரி, மனை வாங்கியாச்சு. தண்ணி?

அமெரிக்க மேற்கில் நிலம் வேறு, தண்ணீர் வேறு. முதலில் ஆற்றைத் திருப்பிப் பயன்படுத்தியவருக்கு முதல் உரிமை, அடுத்து வந்தவருக்கு மிச்சம் என்பது அங்குள்ள சட்டம். வாய்க்கால் வெட்டியவர்தான் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு 'முதலில் வந்தவர்'. அள்ளிக் குடித்துவிட்டுப் போன யூட் மக்கள் கணக்கிலேயே இல்லை. சிறு மனைக்காரர் ஆழ்துளைக் கிணறு போட அனுமதி கிடைத்தாலும் பெரும்பாலும் அது வீட்டுக்குள் புழங்க மட்டும். வெளியே ஒரு தக்காளிச் செடிக்கு ஊற்றினால் குற்றம். ஏழையால் அந்த ஆழத்துக்குத் துளைபோடவும் முடியாது. எனவே ஊருக்குப் போய் வண்டியில் தொட்டி வைத்துத் தண்ணீர் பிடித்துவருகிறார்கள். இன்னும் கேளுங்கள்: தன் வீட்டுக் கூரையில் விழும் மழையைப் பிடித்துவைக்கவே கொலராடோவில் சாதாரணக் குடும்பத்துக்கு உரிமை இல்லாமல் இருந்தது. 2009-இல் கிணற்று அனுமதிக்குத் தகுதியுள்ள சிலருக்கு விலக்கு வந்தது. 2016-இல்தான் வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன் பிடிக்கலாம் என்று சட்டம் வந்தது. மழை வானத்திலிருந்து இறங்கும்போதே அது ஆற்றுக்கும், ஆற்றில் உரிமை உள்ளவருக்கும் சொந்தம் என்பது வாதம்.

அதே பள்ளத்தாக்கில் ஆகாயத்திலிருந்து பார்த்தால் பச்சை வட்டங்கள் தெரியும். சுழலும் குழாய்கள் நிலத்தடி நீரை உறிஞ்சித் தெளிக்க, உருளைக்கிழங்கும் பார்லியும் விளைகின்றன. ரியோ கிராண்டே ஆறு அந்த மலைகளில்தான் பிறக்கிறது. தமிழில் பாலையைத் தனி நிலமாகச் சொல்வதில்லை. வேறு நிலம் வளம் கெட்டுத் திரிந்தால் பாலை என்கிறார்கள். அந்த இலக்கணம் கொலராடோவுக்கு அப்படியே பொருந்தாது, மழை உண்மையிலேயே குறைவு. ஆனால் பச்சை வட்டத்துக்கும் ஐந்து ஏக்கர் புழுதிக்கும் நடுவில் இருப்பது வெயில் மட்டுமில்லை, ஒரு பதிவேடும்தான். மனை மலிவாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. இதற்குமேல் கவுண்டி அதிகாரி வந்து செப்டிக் டேங்க் எங்கே என்று கேட்பார். அதன் செலவு மனை விலையைத் தாண்டிவிடும். பேர் சுதந்திரம்.

இதே கனவின் இன்னொரு வடிவம் ஜெசிக்கா புரூடரின் 'நோமட்லாண்ட்' (2017). வேனில் வாழ்ந்து, பருவக் கூலிவேலை செய்யும் லிண்டா மே என்ற மூத்த பெண், அரிசோனாவின் டக்ளஸ் அருகே வறண்ட ஐந்து ஏக்கர் வாங்குகிறார். மண் அடைத்த பழைய டயர்களால் சுவர் எழுப்பி வீடு கட்டவேண்டும் என்பது அவர் ஆசை. புத்தகம் அந்த மண்ணில் போய் முடிகிறது. குளோயி ஜாவோவின் படத்தில் (2020) அந்த நிலம் பேச்சோடு நின்றுவிடுகிறது, பதிலுக்கு அந்திவானம் நிறைய வருகிறது. 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. ஒரு கிழவி கூலிக்காசில் புழுதியை அளந்து பார்க்கும் காட்சியைவிட அந்திவானம் விருதுக்கு வசதி போல.

பாலையில் நிலம் தேடியது வெள்ளையர் மட்டும் என்று இந்தப் படைப்புகளை மட்டும் பார்த்தவர்கள் நினைத்துவிடக் கூடாது. நியூ மெக்சிகோவில் ராஸ்வெல்லுக்குத் தெற்கே பிளாக்டம் என்று ஓர் ஊர் இருந்தது. பிராங்க் பாயர் என்ற கறுப்பின ஆசிரியர் ஜார்ஜியாவிலிருந்து நடந்தே அந்தப் பக்கம் வந்தார் என்று சொல்வார்கள். 1903-இல் 13 கறுப்பின ஆண்கள் சேர்ந்து ஊருக்கான நிறுவனத்தைப் பதிவுசெய்தார்கள். பள்ளி, தேவாலயம், கடை, தபால் நிலையம் எல்லாம் வந்தன. தெற்கின் கும்பல் கொலைகளிலிருந்து தப்பிவந்து, தன் பெயரில் மண் வேண்டும் என்று நின்றவர்கள் அவர்கள். டிரெய்லர்க்காரர் 'என்னைச் சும்மா விடு' என்று ஒதுங்குகிறார். பிளாக்டம்காரர் ஊர் கட்ட வந்தார். இரண்டையும் ஒரே 'எல்லைப்புறம்' என்ற சொல்லில் அடைக்கமுடியாது. அந்த ஊரையும் தண்ணீர்தான் கொன்றது. வறட்சி வந்தது, ஆழ்குழாய்க் கிணற்றுக்குக் காசில்லை, இருபதுகளின் கடைசியில் ஊர் காலி.

திரும்பவும் விறகுக்கு வருகிறேன். கனோவர் விறகு கொண்டுபோய்க் கொடுத்த அதே பள்ளத்தாக்கில் 1851-இல் உருவான சான் லூயிஸ் என்ற ஊர் இருக்கிறது, கொலராடோவிலேயே பழைய ஊர். மெக்சிக்கோ வழியில் வந்த குடியானவர்கள். 1852-இல் அவர்கள் கையால் வெட்டிய மக்கள் வாய்க்கால்தான் அந்த மாநிலத்தின் முதல் நீருரிமை. (ஆகவே எல்லாத் தண்ணீரும் பணக்காரரிடம் என்று எளிதாகச் சொல்லிவிட நானும் தயாரில்லை.) ஊருக்குப் பின்னால் உள்ள லா சியெரா மலையில் மாடு மேய்க்கவும் விறகும் மரமும் எடுக்கவும் 1863 ஆவணம் ஒன்று அவர்களுக்கு உரிமை தந்திருந்தது. 1960-இல் ஜாக் டெய்லர் என்ற மரவியாபாரி சுமார் 77,000 ஏக்கரை வாங்கிப் பாதையை அடைத்தார். 1981-இல் மக்கள் வழக்குப் போட்டார்கள். 2002-இல் மாநில உச்சநீதிமன்றம் மேய்ச்சல், விறகு, மர உரிமைகள் செல்லும் என்றது. 42 ஆண்டுகள். கட்டை வேலியைத் தாண்டி விறகுக்குப் போனவர்களை அடித்த கதையெல்லாம் இடையில் உண்டு.

ஒரு விறகு தொண்டு நிறுவனத்தின் வண்டியில் வருகிறது, இன்னொரு விறகு வழக்காடி வாங்கியது. முன்னதைப் பற்றி உலகம் படிக்கும் புத்தகம் இருக்கிறது. மற்றதைப் பற்றி அந்த ஊர்க்காரர்களே பேசிய பேச்சை, நீதிமன்றத்தில் தந்த சாட்சியத்தை, யாராவது திரட்டி இதே அளவுக்குப் பரவும் புத்தகமாகப் போட்டால் முதலில் வாங்கிப் படிக்கிற ஆள் நான். அந்த மலை 2017-இல் மறுபடி ஒரு பெரும் பணக்காரர் கைக்குப் போய், புதிதாக எட்டடி உயரக் கம்பிவேலி எழும்பியது. 2023-இல் கவுண்டியே அந்த வேலியை எதிர்த்து நீதிமன்றப் படியேறியது.