எந்த ஊர்க் குளிர்காலம்? ஏஞ்சல்ஸ் டிரம்பெட்டும் இரவல் தோட்டக் குறிப்புகளும்

முதலில் ஊர் விவரம். நான் இருக்கும் புதுக்கோட்டை, தொண்டைமான் புதுக்கோட்டை இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கும் சின்னப் புதுக்கோட்டை. பெயரை மட்டும் நம்பி பஸ் ஏறினால் 200 கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்க வேண்டியிருக்கும்.

தோட்டக் குறிப்புகளிலும் இதே சிக்கல்தான். 'குளிர்காலம்' என்று ஒரு சொல் இருக்கிறது. அது எந்த ஊர்க் குளிர்காலம் என்று எழுதுபவரும் சொல்வதில்லை, படிப்பவரும் கேட்பதில்லை. இதைப் பேச எனக்கு வசதியான ஒரு செடி கிடைத்திருக்கிறது: ஏஞ்சல்ஸ் டிரம்பெட், தாவரவியல் பெயர் புருக்மான்சியா. கொடைக்கானல், குன்னூர் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சாலையோர வேலிகளில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்துக்கு வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ எக்காளம் எக்காளமாகக் கீழ்நோக்கித் தொங்கும். பொழுது சாய்ந்தால் வாசனை தூக்கும்.

சில வருடங்களாக இது சமவெளி மாடித் தோட்டங்களுக்கும் இறங்கி வந்திருக்கிறது. கூடவே தமிழில் குறிப்புகளும் வீடியோக்களும் வந்துவிட்டன. அவற்றில் பலவற்றை உட்கார்ந்து படித்தும் பார்த்தும் முடித்தேன். இந்தக் கட்டுரை அந்த வகை எழுத்தைப் பற்றிய விமர்சனம். யாரையும் பெயர் சொல்லப் போவதில்லை. குறை ஒருவருடையது அல்ல, அந்த எழுத்து வகையினுடையது.

செடியைப் பற்றிக் கொஞ்சம்

புருக்மான்சியா தென் அமெரிக்கச் செடி. லின்னேயஸ் 1753-இல் இதை நம் ஊமத்தையின் பேரினமான டத்தூராவுக்குள்தான் வைத்தார். 1805-இல் பெர்சூன் தனிப் பேரினமாகப் பிரித்து, புருக்மான்ஸ் என்ற டச்சு அறிஞரின் பெயரை வைத்தார். பிரித்தது சரிதான். ஊமத்தை சிறு செடி, பூ மேல்நோக்கி நிற்கும், காயில் முள் இருக்கும். புருக்மான்சியா கட்டைத் தண்டுள்ள சிறு மரம், பூ தொங்கும், காயில் முள் கிடையாது.

இன்னொரு தகவல் எனக்கு வியப்பாக இருந்தது. இந்தப் பேரினத்தின் இனங்கள் எல்லாமே, தங்கள் தாயகத்தில் இயல்பான காட்டுச் செடியாக இப்போது இல்லை என்கிறது ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியல். மனிதர்கள் தண்டை வெட்டி நட்டு, அடுத்தவருக்குக் கொடுத்து, 'இப்படி வளர்த்துக்கோ' என்று சொல்லிச் சொல்லித்தான் இது உலகம் சுற்றியிருக்கிறது. அதாவது, குறிப்பை நம்பிப் பிழைக்கும் செடி. குறிப்பு தப்பானால் செடிக்குப் போக்கிடம் இல்லை.

இப்போது அந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம்.

வாக்கியம் 1: 'குளிர் வருவதற்கு முன் பூக்க வைத்து, முதல் பனிக்குள் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்'

இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ இருப்பவருக்கு இது முழுக்கச் சரி. அங்கே செடி வளர்வதற்குக் கிடைப்பது மே முதல் செப்டம்பர் வரைதான். மொட்டு வைக்கும் நேரத்தில் இரவு உறைநிலையைத் தொட ஆரம்பிக்கும். உறைபனி பட்டால் இலையும் இளந்தண்டும் கருகிப்போகும். தொட்டியில் வளர்ப்பதே தூக்கி உள்ளே வைக்கத்தான். அவர்களுக்குக் குளிர் என்பது கெடு.

தூத்துக்குடியில்? இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போனாலே அன்றைக்கு ஊரே அதைப் பற்றிப் பேசும். இங்கே புருக்மான்சியாவைப் பூக்க விடாமல் தடுப்பது குளிர் இல்லை, சூடான இரவுகள். அமெரிக்காவின் புளோரிடா, டெக்சாஸ் போன்ற வெப்பப் பகுதிகளில் வளர்ப்பவர்களின் அனுபவம் நமக்கு நெருக்கமானது. கோடை உச்சத்தில் செடி இலையாகவே நிற்கும். இரவு தணிந்ததும் பூ திரும்ப வரும். ஆக, அந்த வாக்கியம் நம்ம ஊருக்கு வரும்போது தலைகீழாகிறது. குளிருக்கு முன் பூக்க வைப்பது இல்லை நம் வேலை. குளிர் வரும்போது பூக்கத் தயாராகச் செடியை வைத்திருப்பதுதான்.

கெடு என்று ஒன்று நமக்கும் உண்டு. அது அடைமழை. எங்கள் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். 2023 டிசம்பர் 17, 18-இல் என்ன நடந்தது என்று இந்தக் கரையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. புருக்மான்சியா தண்ணீர் நிறையக் குடிக்கும் செடிதான். ஆனால் வேர் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். எங்களுக்கான வாக்கியம் இப்படி இருக்க வேண்டும்: 'ஐப்பசி பிறப்பதற்கு முன் தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பார்.' ஒரு வீடியோவிலும் இதை நான் கேட்கவில்லை.

வாக்கியம் 2: 'முழு வெயிலில் வையுங்கள்'

லண்டன் 51 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. அங்கே கோடையில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல், குளிர்காலத்தில் 8 மணி நேரம்கூடத் தேறாது. வெயில் எப்போதும் சாய்வாகத்தான் விழும். தூத்துக்குடி ஏறக்குறைய 8.8 டிகிரி. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். சூரியன் வருடத்தில் இரண்டு முறை, சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆவணி நடுவிலும், நேர் உச்சந்தலைக்கு வரும். இரண்டு ஊரிலும் 'முழு வெயில்' என்பது ஒரே பொருள் இல்லை.

போதாததற்கு மாடியின் சிமென்ட் தரை, கருப்பு பிளாஸ்டிக் தொட்டி. வேர் வெந்துவிடும். ஆனி, ஆடியில் கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே மேல்காற்று இந்தச் செடியின் அகலமான, மெத்தென்ற இலைகளைக் கிழித்துப் போடும். வறட்சியில் சிலந்திப்பேனும் ஏறும். இலையின் அடிப்பக்கம் பார்த்தால் தூசி மாதிரி இருக்கும். அது தூசி இல்லை.

நம் ஊருக்குக் காலை வெயில் போதும். பதினொரு மணிக்கு மேல் நிழல், மேற்கே ஒரு சுவரோ மறைப்போ, சின்னத் தொட்டியைப் பெரிய தொட்டிக்குள் வைத்து இடைவெளியில் தேங்காய் நார், இவ்வளவும் வேண்டும். கடற்கரைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு கலந்து வந்தால் இலை ஓரம் பொசுங்கும். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் அவ்வப்போது தாராளமாக ஊற்றி, தொட்டி மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவிவிடுவது நல்லது.

வாக்கியம் 3: 'பூக்கவில்லையா? வாழைப்பழத் தோல் கரைசல் ஊற்றுங்கள்'

இது இறக்குமதி இல்லை, உள்ளூர்ச் சரக்கு. வாழைத்தோலில் பொட்டாசியம் இருப்பது உண்மை. ஆனால் கேள்வியே தவறான இடத்தில் கேட்கப்படுகிறது. புருக்மான்சியா தண்டு முதலில் ஒற்றையாக மேலே போகும். ஓர் உயரத்துக்கு வந்ததும் 'ஒய்' எழுத்து மாதிரி கவட்டையாகப் பிரியும். பூ வருவது அந்தக் கவட்டைக்கு மேலேதான். கவட்டை விழாத செடிக்கு எந்தக் கரைசலை ஊற்றினாலும் இலைதான் வரும். மென்பொருள் வேலையில் சொல்வதுபோல, முன்நிபந்தனை நிறைவேறாமல் அடுத்த ஃபங்ஷனை அழைக்கிறோம்.

இதிலிருந்து கிளைக்கும் இரண்டு விஷயங்கள் எந்தக் கரைசலையும்விடப் பயன் தரும். ஒன்று, கவட்டைக்கு மேலிருந்து வெட்டிய தண்டு சீக்கிரம் பூக்கும். அடித்தண்டிலிருந்து வெட்டியது மறுபடி உயரம் போய்ப் பிரிந்தாக வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். மேல்பகுதி இலையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். காம்போடு சேரும் இடத்தில் இலையின் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது, ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும். இரண்டு, கவாத்து என்று சொல்லிக் கவட்டைக்குக் கீழே வெட்டினால் செடி ஆரம்பத்துக்குத் திரும்பிவிடும். 'நன்றாக வெட்டிவிடுங்கள், குப்பென்று பூக்கும்' என்று சொல்பவர்கள் செம்பருத்தியை மனதில் வைத்துச் சொல்கிறார்கள்.

இனமும் முக்கியம். சிவப்புக் குழல் பூ பூக்கும் சாங்குவினியா மாதிரியான இனங்கள் ஆண்டிஸ் மலையின் குளிர் உயரங்களைச் சேர்ந்தவை. அவற்றைக் கடற்கரைக்குக் கொண்டுவருவது செடிக்குச் செய்யும் கொடுமை. சுவாவியோலென்ஸ், வெர்சிகலர் வகைகள் சூட்டைக் கொஞ்சம் தாங்கும். வாங்கும்போது பூவின் நிறத்தை மட்டும் கேட்காமல் இதையும் கேளுங்கள்.

சொல்லப்படாத வாக்கியம்

இதுவரை சொன்னது எல்லாம் பூ வருமா வராதா என்ற கவலை. இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது.

புருக்மான்சியாவின் வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. ஸ்கோபோலமின், அட்ரோபின், ஹயோசயமின் ஆகிய ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. உள்ளே போனால் வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, இதயம் வேகமாகத் துடித்து, காய்ச்சலும் பிதற்றலும் வரும், உயிரும் போகலாம். வெட்டிய கையோடு கண்ணைக் கசக்கினாலே கண்மணி விரிந்து பார்வை மங்கும். நான் பார்த்த குறிப்புகளில் பெரும்பாலானவை இதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. அதைவிட மோசம், சிலர் இதை 'மலை ஊமத்தை' என்று அறிமுகப்படுத்தி, ஊமத்தைக்குச் சொல்லப்படும் மருத்துவக் குணங்களை அப்படியே இதற்கும் ஒட்டிவிடுகிறார்கள்.

நம் மரபில் ஊமத்தைக்கு இடம் உண்டு. சிவனுக்குச் சாத்துகிறோம். சித்த மருத்துவத்தில் புண்ணுக்குப் போடும் மத்தன் தைலம் ஊமத்தைச் சாற்றில் செய்வது. ஆனால் அது சுத்தி முறையும் அளவும் தெரிந்தவர்கள் கை மருந்து. அதே செடியிலேயே நஞ்சின் அளவு பாகத்துக்குப் பாகம், பருவத்துக்குப் பருவம் மாறும். அப்படியிருக்க, வேறொரு பேரினத்துச் செடிக்கு அந்தப் பெயரைக் கடன் கொடுத்து, 'ஆஸ்துமாவுக்கு நல்லது' என்று போகிற போக்கில் சொல்வது பொறுப்பில்லாத வேலை. பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்ற அதே குழப்பம்தான் இதுவும். ஆனால் இங்கே அதற்கான விலை தப்பான பஸ் ஏறுவது இல்லை.

குழந்தைகளும் ஆடு மாடும் எட்டாத இடத்தில் வையுங்கள். கையுறை போட்டு வெட்டுங்கள். யாராவது சாப்பிட்டுவிட்டால் கை வைத்தியம் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு. மலைப் பக்கம் இருப்பவர்கள் வெட்டிய தண்டை ஓடைக்கரையில் வீசாதீர்கள். ஈரம் கண்டால் துண்டுத் தண்டும் வேர் பிடிக்கும்.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும்?

குறை சொல்லிவிட்டு நகர்ந்தால் அது விமர்சனம் ஆகாது. நல்ல குறிப்புகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன.

1848-இல் தொடங்கிய உதகை அரசு தாவரவியல் பூங்காவில் நவம்பர், டிசம்பரில் முதலில் நீர்ப்பனி, அடுத்து உறைபனி விழும். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள், கவனியுங்கள். அங்கே மலர்ச் செடிகளைக் காப்பாற்ற கோத்தகிரி மிலார் என்ற உள்ளூர்ப் புதர்ச் செடியை வெட்டி வந்து மேலே கூரை மாதிரி நடுவார்கள். புல்வெளிக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் மிலார் இருக்காது. அந்த ஊர்ப் பனி, அந்த ஊர்ச் செடி, அந்த ஊர்த் தீர்வு.

இன்னொன்று எங்கள் பக்கத்தது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்வார்கள். ஆனால் விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசலில் மானாவாரி விவசாயி ஆடியில் விதைப்பதில்லை. அங்கே மழை வடகிழக்குப் பருவத்தில்தான், ஆகவே புரட்டாசிப் பட்டம். பழமொழியை அவர்கள் தூக்கி எறியவில்லை, திருத்தி வைத்துக்கொண்டார்கள். மாதத்தின் பெயரை விட்டுவிட்டு 'மழைக்குச் சற்று முன்' என்ற காரணத்தை எடுத்துக்கொண்டார்கள். இதைத்தான் தோட்டக் குறிப்பு எழுதுபவர்களிடம் நான் எதிர்பார்க்கிறேன். மாறக்கூடிய மதிப்பைக் கோடில் ஹார்ட்கோட் செய்தால் வேறு ஊர் சர்வரில் புரோகிராம் படுத்துவிடும். தேதியை எழுதாதீர்கள், நிபந்தனையை எழுதுங்கள். தேதியைப் படிப்பவர் தன் ஊருக்குப் போட்டுக்கொள்வார்.

நிபந்தனைகளிலிருந்து எங்கள் ஊருக்கு நான் போட்டுக்கொண்ட கணக்கு இது:

- தை, மாசி: இரவு இன்னும் இதமாக இருக்கும்போதே, கவட்டைக்கு மேலிருந்து வெட்டிய தண்டை நடுவது.
- பங்குனி முதல் ஆடி வரை: உயிரோடு வைத்திருப்பது மட்டுமே இலக்கு. நிழல், காற்று மறைப்பு, தினமும் தண்ணீர். பூவை எதிர்பார்க்கக் கூடாது.
- ஆவணி, புரட்டாசி: பெரிய தொட்டிக்கு மாற்றி, தொழுவுரம் போட்டு, கவட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. விழாவிட்டால் இந்த வருடம் இல்லை, அடுத்த வருடம்.
- ஐப்பசி: வடிகால். தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றுவது.
- கார்த்திகை முதல் மாசி வரை: மொட்டு வந்துவிட்டால் தொட்டியை இடம் மாற்றாமல் இருப்பது. இழுத்தால் மொட்டு உதிரும்.

கோவில்பட்டியில் இருப்பவருக்கு இதில் ஒன்றிரண்டு வரி மாறும், கோத்தகிரியில் இருப்பவருக்கு ஏறக்குறைய எல்லாமே மாறும். கையுறை மட்டும் எல்லா ஊருக்கும் பொது.