ஆறாம் எண் ஆட்டக்காரருக்கும் ஒரு கிண்ணம்

சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய் பக்கம் நடக்கும் வார இறுதிக் காற்பந்துப் போட்டிகளில், பரிசு மேசையில் பெரும்பாலும் இரண்டு தனிக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்று அதிக கோல் அடித்தவருக்கு, மற்றொன்று சிறந்த கோல் காவலருக்கு. இவர்கள் இருவருக்கும் நடுவே நின்று ஆட்டத்தைத் தாங்கியவர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார். இது சரியில்லை.

ஆறாம் எண் எனப்படும் அந்தத் தற்காப்பு மத்தியத் திடல் ஆட்டக்காரரை ஐந்து நிமிடம் மட்டும் கவனியுங்கள். பக்கவாட்டுத் தற்காப்பாளர் மேலேறிய மறுகணமே, அவர் விட்டுப்போன இடத்துக்கு நகர்வார். பந்து காலுக்கு வருமுன் இரு பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுவார். எதிரணி பந்தை அனுப்ப நினைத்த வழியில் முன்கூட்டியே போய் நிற்பார். பந்து வேறு பக்கம் போய்விடும். இப்படி அவர் தவிர்த்த ஆபத்துகளை எந்தப் புள்ளிப் பட்டியலும் சொல்லாது. அவர் ஒருமுறை தவறினால் மட்டும் அரங்கமே பார்த்துவிடும்.

2010 டிசம்பர் 26, புக்கிட் ஜாலில். பயிற்றுநர் கே. ராஜகோபாலின் மலேசிய அணி ஆசியான் கிண்ண இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் இந்தோனேசியாவை 3-0 என வென்றது. சாபி சாலி அடித்த இரண்டு கோல்கள் எல்லோருக்கும் நினைவிருக்கின்றன. ஆனால் முதல் பாதி 0-0 என்று முடிந்ததை யாரும் பேசுவதில்லை. அந்த இறுக்கம்தான் பிற்பாதி வெற்றிக்கு அடித்தளம். கெடாவின் அமார் ரோஹிடான், நம் கே. குருசாமி போன்ற மத்தியத் திடல் ஆட்டக்காரர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

பெரிய கிளப்புகளும் இந்த இடத்தைக் குறைத்து மதிப்பிட்டு அடி வாங்கியிருக்கின்றன. 2003இல் தன் தற்காப்பு மத்தியத் திடல் ஆட்டக்காரர் மக்கலேலேயை ரியல் மாட்ரிட் செல்சிக்கு விற்றது. அடுத்த மூன்று பருவங்கள் ஸ்பெயின் லீக் பட்டம் அதற்குக் கிட்டவில்லை. செல்சியோ 2005, 2006 என அடுத்தடுத்து இங்கிலாந்து லீக்கை வென்றது.

"பையன் குள்ளம், ஓரத்தில் போடு" என்று சொல்லும் பயிற்றுநர்கள் இதே இடத்தில் ஆடிய கன்டேயைப் பார்க்கட்டும். உயரம் 1.68 மீட்டர்தான். 2012-13இல் பிரான்சின் மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தவர், 2016இல் லெஸ்டரோடும் 2017இல் செல்சியோடும் லீக் பட்டம், 2018இல் உலகக் கிண்ணம் என்று உயர்ந்தார்.

நம் பையன்களுக்குப் பாதை குறுகிவிட்டது உண்மைதான். மலேசியக் கிண்ணத்தை ஐந்து முறை வென்ற கெடா, 2025-26 பருவத்துக்கு உரிமம் கிடைக்காமல் சூப்பர் லீக்கை விட்டு வெளியேறியது. உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டுமே நம்பி 2021இல் சூப்பர் லீக் ஆடிய பெட்டாலிங் ஜெயா சிட்டியும் இப்போது லீக்கில் இல்லை. மற்ற கிளப்புகளில் மத்தியத் திடலின் முக்கிய இடங்களுக்கு வெளிநாட்டவர்களோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

அதனால்தான் அடித்தளத்திலேயே மாற்றம் வேண்டும். தோட்டத் திடலிலும் பள்ளித் திடலிலும் பந்தை மீட்டவர் யார், மீட்ட பந்தை முன்னோக்கிச் சரியாகக் கொடுத்தவர் யார் என்று ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். ஒரு நோட்டும் பேனாவும் போதும். அடுத்த போட்டியில் அந்தக் கணக்கைப் பார்த்து மூன்றாவது கிண்ணத்தைக் கொடுங்கள். பரிசு உண்டு என்று தெரிந்தால், அந்த இடத்தைக் கேட்டு ஆடப் பையன்கள் வருவார்கள்.